உங்கட காசு எந்த நாட்டுக் காசு?

2025 மாசி மாதம், இன்னும் விடியவில்லை. பரந்தன் சந்திக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நானும் மச்சாளும் நிற்கிறோம். அவளை வேலைக்கு ஏற்றிப் போகும் வாகனம் வரவில்லை. தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கடைக்காரப் பிள்ளை கேட்டாள்.

"அக்கா, உங்கட காசு எந்த நாட்டுக் காசு?"

"ஜப்பான்."

"அப்ப உங்களுக்குப் பயமில்லை."

வெளியூர்க்காரருக்கு இந்தக் கதை விளங்காது. மச்சாள் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறவள். அந்த வேலை பார்க்கும் பெண்களுக்குத் தங்கள் அணிக்கு எந்த நாடு படியளக்கிறது என்பது அத்துப்படி. அதற்கு ஒரு மாதத்துக்கு முன், தை 20 அன்று, அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் பதவியேற்ற அன்றே வெளிநாட்டு உதவிகளை 90 நாளுக்கு நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்து வைத்தார். சில நாட்களில், அமெரிக்கப் பணத்தில் நடந்த மிதிவெடி வேலைகளை நிறுத்தும்படி உலகம் முழுக்கக் கடிதம் போனது. கடைக்காரப் பிள்ளையின் தங்கச்சியும் இந்த வேலைதான். அவளுடைய அணியின் நிலைமை தெரியாமல் வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை. வாஷிங்டனில் ஒருவர் பேனையைத் திறந்தால் பரந்தனில் அடுப்பு எரியுமா எரியாதா என்ற கேள்வி வருகிறது. அதைத்தான் அந்தப் பிள்ளை இவ்வளவு சுருக்கமாகக் கேட்டாள்.

ஓமந்தை தாண்டி வடக்கே வந்தவர்கள் அந்தப் பலகைகளைக் கண்டிருப்பீர்கள். வெள்ளைப் பலகை, கீழே வரிசையாகக் கொடிகள். ஜப்பான், பிரித்தானியா, நோர்வே, கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் உலக நாடுகளின் கொடிகளைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே அந்தப் பலகைகளில் படித்துவிட்டார்கள் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. பகிடிதான், ஆனால் முழுப் பொய்யில்லை.

இந்தப் பணம் ஒரே பெட்டியில் விழுந்து அங்கிருந்து பங்கிடப்படுவதில்லை. ஒவ்வொரு நாடும் ஒரு நிறுவனத்தோடு தனித்தனியாக ஒப்பந்தம் போடுகிறது. 2002 போர்நிறுத்தத்தோடு வந்த ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய இரண்டும் பிரித்தானிய நிறுவனங்கள். டாஷ், ஷார்ப் இரண்டும் உள்நாட்டவை. இராணுவத்துக்கும் தனியாக ஒரு மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு உண்டு. எந்தக் காணியை யார் வெட்டுவது, வெட்டிய காணி சரியா என்று பார்ப்பது எல்லாம் 2010 இல் அமைத்த தேசிய மிதிவெடி செயற்பாட்டு நிலையத்தின் பொறுப்பு. கொடுக்கும் நாடு அனேகமாக ஒரு வருடத்துக்கோ கொஞ்சம் கூடவோதான் கொடுக்கும். ஜப்பானின் நிதியாண்டும் பிரித்தானியாவின் நிதியாண்டும் பங்குனியோடு முடிகின்றன, அமெரிக்காவுடையது புரட்டாதியோடு. ஆகவே மச்சாளுக்குப் பங்குனி மாதம் பிடிக்காது. வெயிலால் அல்ல. புதுக் கடிதம் வருமட்டும் சீட்டுக்காசு கட்டுவதா, மகனின் டியூஷன் காசு கட்டுவதா என்று இழுபடுகிற மாதம் அது.

அவள் செய்கிற வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்டிராதவர்கள் 'பீப் பீப்' என்று கத்தும் கருவியோடு நடக்கிற வேலை என்றுதான் நினைப்பார்கள். அவள் வேலை செய்கிற முகமாலைப் பக்கத்தில் அந்தக் கருவி பல இடங்களில் சரிப்பட்டு வராது. 2000 இலிருந்து 2009 வரை இரண்டு பக்கத்து முன்னரங்கும் முகத்துக்கு முகம் கிடந்த மண் அது. ஒரு சாண் தோண்டினால் ரவைக்கோது, ஷெல் துண்டு, முள்ளுக்கம்பி. கருவி எல்லாவற்றுக்கும் கத்தும். தேடுகிற சாமானிலோ உலோகம் மிகக் குறைவு. இராணுவம் புதைத்த பாகிஸ்தான் பி-4 பிளாஸ்டிக், புலிகளின் ரங்கன் 99 உம் பிளாஸ்டிக், ஜொனி 95 மரப்பெட்டி.

அதனால் வாரிதான் ஆயுதம். தோட்டத்தில் குப்பை கூட்டுகிற வாரி மாதிரியே நீளப்பிடி போட்டது. பாரமான வாரியால் மண்ணைச் சுரண்டி இளக்குவார்கள், பாரம் குறைந்த வாரியால் இளகியதைத் தன் பக்கம் இழுப்பார்கள். மேலிருந்து கொத்தக்கூடாது. முன்னால் ஒரு குழி வெட்டி, மண்ணைச் சுவர் மாதிரி நிறுத்தி, பக்கத்தால் சுரண்டிக்கொண்டே போகவேண்டும். வெடி இருந்தால் அதன் விலாவில்தான் வாரி முட்டும், மேல்தட்டில் அழுத்தம் விழாது. நெஞ்சிலிருந்து தொடை வரை கனத்த கவசம், முகத்துக்குக் கண்ணாடித் தட்டு. அதற்குள் மூச்சுக்காற்றே வெந்நீராகும். இரண்டு பக்கமும் நட்ட தடிகளுக்கு நடுவே ஒரு மீற்றர் அகலப் பாதை. ஒரு நாள் முழுக்கச் சுரண்டினாலும் சில சதுர மீற்றர்தான்.

"முதல் வெடியைக் கண்ட அண்டைக்கு எப்பிடி இருந்தது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பச்சையா ஒரு விளிம்பு தெரிஞ்சுது, அத்தான். சவர்க்காரப் பெட்டி மூடி எண்டு நினைச்சன். பிறகு கை தானா நிண்டுட்டுது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுட்டுப் பின்னால வந்து இருந்தன். இருந்தாப்போலதான் தெரிஞ்சுது, செருப்புக்குள்ள வேர்வை நிரம்பி வழுக்குது."

அவள் செருப்பு என்று சொன்னது அவர்கள் போடுகிற சப்பாத்தை. சப்பாத்துப் போட்டே பழக்கமில்லாத பிள்ளை.

'தகப்பனின் கால் போனதால் மகள் மிதிவெடி அகற்றப் போனாள்' என்று ஒரு நிறுவனத்தின் மலரில் யாராவது உருக்கமாக எழுதலாம். அவளைக் கேட்டால் வேறு கதை. கணவன் 2009 இல் இல்லாமல் போனான், கையில் பிள்ளை, ஆடைத் தொழிற்சாலையைவிட இங்கே சம்பளம் கூட, பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். அவ்வளவுதான். ஆனாலும் தகப்பனுக்குக் கால் போனது உண்மை.

அவளின் தகப்பன்தான் என் சின்ன மாமா. அவருக்குக் கால் போனது 2002 இல். அந்த வருடம் மாசி 22 இல் போர்நிறுத்தம் வந்தது, சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. சனம் உமையாள்புரம், பரந்தன் பக்கம் பழைய வளவுகளைப் பார்க்கப் போகத் தொடங்கிய நேரம். கைவிட்ட பதுங்குகுழிகளுக்கு மேலே நல்ல பனங்குற்றிகள் கிடந்தன. வீடு கட்ட மரம் இல்லாத காலம், யாருக்குத்தான் கண் போகாது? மாமா மூன்று குற்றியைத் தூக்கிவிட்டார். நாலாவதுக்குப் போனபோது இடது கால். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம். பாதை திறந்திருந்ததால் முகமாலைச் சோதனைச்சாவடி தாண்டி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்போது அவர் மயக்கத்தில் கடந்துபோன அதே மண்ணில்தான் இப்போது மகள் வாரி இழுக்கிறாள்.

அந்தப் போர்நிறுத்தக் காலத்திலும் நோர்வே முதலான நாடுகளின் பணம் வந்தது, எங்கள் பெடியளும் பிள்ளைகளும் வாரி பிடித்தார்கள், எத்தனையோ காணி துப்பரவானது. 2006 இல் மறுபடி சண்டை தொடங்கிப் புதிது புதிதாகப் புதைத்தார்கள். காசு கொடுத்தவன் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அடுத்த மூன்று வருடத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. மாமா பரந்தனிலிருந்து கடற்கரை வரை பொய்க்காலோடு நடந்தார், மெனிக் பாம் அகதி முகாமுக்கு வந்து சேரும்போது அந்தக் கால் அவரிடம் இல்லை என்பதோடு நிறுத்துகிறேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மிதிவெடித் தடை உடன்படிக்கையைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1997 இல் ஒட்டாவாவில் கையெழுத்துக்கு வைத்தது, 1999 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை சேர்ந்தது 2017 மார்கழி 13. எங்களுக்கு நடைமுறைக்கு வந்தது 2018 ஆனி 1. அதன் 5ஆம் உறுப்புரையில், தன் நிலத்தில் புதைந்த மிதிவெடிகளைப் பத்து வருடத்துக்குள் அகற்றி முடிக்கவேண்டும் என்று இருக்கிறது. அதாவது 2028 ஆனி 1. கூட அவகாசம் கேட்கலாம், ஆனால் கேட்கத்தான் வேண்டும், காரணம் சொல்லத்தான் வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவது 6ஆம் உறுப்புரையின் மூன்றாவது பந்தி. மருத்துவம், புனர்வாழ்வு, சமூக, பொருளாதார வாழ்வில் திரும்பச் சேர்த்தல் ஆகியவற்றுக்கு உதவவேண்டும் என்கிறது. யார் உதவவேண்டும்? 'அப்படிச் செய்யக்கூடிய நிலையிலுள்ள' ஒவ்வொரு நாடும். எப்போதைக்குள் என்று கேட்டால் திகதி இல்லை. ஆயுதத்தைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஒன்றில் பாதிக்கப்பட்டவனுக்கும் ஓர் இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பிறகு வந்த கொத்தணிக்குண்டுத் தடை உடன்படிக்கை இதைவிட இறுக்கமாக எழுதப்பட்டது, இலங்கை அதிலும் 2018 இல் சேர்ந்தது. ஆனால் மாமாவின் காலை எடுத்தது கொத்தணிக்குண்டு இல்லையே.

ஒரு பந்திக்குக் கெடுத் திகதி இருக்கிறது, மற்றதுக்கு இல்லை. பணம் எந்தப் பந்தியின் பின்னால் போகும் என்று ஊகிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. உலகளவில் மிதிவெடிப் பணிகளுக்கு வருகிற சர்வதேச நிதியில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கப்படுவது அண்மைய வருடங்களில் பத்து வீதத்துக்கும் கீழேதான். 2023 இல் எல்லா நாடுகளும் சேர்ந்து கொட்டிய பணம் நூறு கோடி டொலரைத் தாண்டியது. அதில் பெரிய பங்கு உக்ரைனுக்குப் போனது. அதில் எனக்கு எரிச்சல் இல்லை. அங்கே வயலுக்குப் போகிறவனும் மாமாவைப் போலத்தான், நாலாவது குற்றிக்குக் கை நீட்டுகிறவன். எரிச்சல் வேறு இடத்தில். 2025 இல் ரஷ்யாவை அண்டிய ஐந்து நாடுகள், பின்லாந்து, எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, போலந்து, உடன்படிக்கையை விட்டு வெளியேற முடிவெடுத்தன. அவர்களுக்கு ஒரு பயம், அதற்கு ஒரு நியாயம். மிதிவெடி புதைத்தவர்கள் எல்லோரிடமும் ஒரு நியாயம் இருந்தது, எங்கள் ஊரிலும் இருந்தது.

பணம் நிலத்துக்கே போவதற்கு இன்னொரு காரணம், நிலத்தை அளக்கலாம். இத்தனை சதுர மீற்றர், இத்தனை மிதிவெடி, இத்தனை குடும்பம் திரும்பிப் போனது. கடைசிநாள் ஒரு சான்றிதழ், ஒரு கைகுலுக்கல், ஒரு படம். தூதரகத்திலிருந்து ஆட்கள் வரும் நாளில் பாதையோரத்துப் பற்றைகூட வடிவாக வெட்டியிருக்கும் என்று மச்சாள் சிரிப்பாள். (துப்பரவாக்கிக் கொடுத்த காணியில், 'இது காடு' என்று பிறகு ஒரு திணைக்களம் வந்து கல்லு நட்ட கதையும் உண்டு. போருக்குப் பயந்து இருபது வருடம் விட்டுப்போன வளவில் காடு வளராமல் கத்தரியா காய்க்கும்? அதைத் தனியாக எழுதுகிறேன்.) காலை எப்படி அளப்பது? கால் போட்டுவிட்டாயிற்று என்று ஒரு கோடு கீறலாம். அடுத்த வருடம் அதே ஆளுக்கு என்னத்தைக் கீறுவது?

காலின் கணக்கைச் சொல்கிறேன். வளர்ந்த ஆளுக்குச் செயற்கைக் கால் மூன்று தொடக்கம் ஐந்து வருடம் தாங்கும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்திலேயே குட்டையாகிவிடலாம். மாமாவுக்குக் கால் போகும்போது வயது 31, இப்போது 54. இது ஐந்தாவது கால். 78 வயது வரை இருந்தாரென்றால் இன்னும் ஆறு வேண்டும். பதினொரு கால்! முகமாலையில் கடைசி வெடியை எடுத்து, கடைசிப் பலகையைப் பிடுங்கி, கொடி போட்ட வாகனங்கள் எல்லாம் போன பிறகும் மாமாவுக்குக் கால் தேவைப்படும். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற, 2009 இல் பத்து வயதாக இருந்த பிள்ளைகளுக்கு அதற்கும் பிறகும்.

விடிய அவர் கால் போடுவதைப் பார்த்திருக்கிறேன். திண்ணையில் இருந்து, மிச்சக் காலின் நுனியை உள்ளங்கையால் ஒருதரம் தடவிப் பார்ப்பார், புண் இருக்கிறதா என்று. பவுடர் போடுவார். துணி உறையைச் சுருக்கில்லாமல் இழுப்பார், ஒரு சுருக்கு இருந்தால் மத்தியானத்துக்குள் கொப்புளம். மெலிந்த மாதங்களில் இரண்டு உறை, அதற்கு மேல் பழைய சாரத்துண்டு. பிறகு காலைக் குழிக்குள் இறக்கி, எழும்பி, நிலத்தில் மூன்று தட்டுத் தட்டுவார். 'டொக் டொக் டொக்.' அந்தச் சத்தத்துக்கு வீட்டு நாய் எழும்பும். வார் அறுந்த பிறகு சைக்கிள் டியூப்பை வெட்டி அவரே கட்டியிருக்கிறார். பாதம் மட்டும் ஜெய்ப்பூர்ப் பாதம். இறப்பர், பார்க்க வெறுங்கால் மாதிரியே இருக்கும், சப்பாத்து வேண்டாம், சேற்றில் இறங்கலாம். 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் சேத்தியும் செய்த வேலை. சப்பாத்துப் போடாத, சம்மணம் கொட்டி இருக்கிற, வயலுக்குள் இறங்குகிற மனிசரை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1987 இலிருந்து ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது, மாமாவின் கடைசி மூன்று கால்களும் அங்கேதான். ஒரு காலுக்கும் அவர் காசு கொடுத்ததில்லை. ஆனால் அளவு கொடுக்க ஒரு நாள், போட்டுப் பார்க்க ஒரு நாள், உரசுகிற இடத்தைத் திருத்த ஒரு நாள். மூன்று நாள் பஸ் காசும் மூன்று நாள் கூலியும் யாருடைய திட்டத்திலும் இல்லை.

வாழ்வாதார உதவி வராமல் இல்லை. மீள்குடியேறிய புதிதில் ஒரு நிறுவனம் மாமாவுக்குக் கோழிக்கூடும் கோழிக்குஞ்சுகளும் கொடுத்தது. நல்ல கூடு, தகரக்கூரை, பக்கத்தில் கொடி போட்ட ஸ்டிக்கர். குஞ்சுகளை ஒரு மாதத்துக்குள் கீரி முடித்துவிட்டது. ஒற்றைக்காலோடு இரவில் எழும்பிக் காலைப் போட்டுக்கொண்டு ஓடிப்போவதற்குள் கீரி விசுவமடுவுக்கே போயிருக்கும். ஏன் கோழி என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சைக்கிள் திருத்துகிற சாமான் வேண்டும் என்று சொல்லியிருப்பார். இருந்து செய்கிற வேலை, அவருக்குக் கைவந்த வேலை. கூடு இப்போதும் இருக்கிறது, விறகு அடுக்க. ஸ்டிக்கரில் கொடி வெளிறி எந்த நாடு என்று தெரியவில்லை. இது அந்த நாட்டின் பிழையும் இல்லை. அவர்கள் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள், இங்கே ஒருவர் பட்டியலில் கோழி என்று எழுதினார்.

பிறகொரு நாள் மச்சாளோடு 2028 பற்றிக் கதைத்தேன். எல்லாம் முடிந்தால் சந்தோசம்தானே என்று நான் படித்த ஆள் மாதிரிக் கேட்டுவிட்டேன்.

"சந்தோசம்தான் அத்தான். எனக்கு அப்ப நாற்பது நெருங்கும். வாரி இழுத்த அனுபவத்தை எந்தக் கடையில கேப்பினம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கும் முதுகு நோ தொடங்கிவிட்டது. அவளுடைய ஒப்பந்தத்தின் கடைசி வரிக்குப் பிறகு அவளும் திகதி இல்லாத பந்தியில்தான் வந்து நிற்பாள்.

போன மாதம் ஐந்தாவது காலை மாற்ற மாமாவோடு யாழ்ப்பாணம் போனேன். பாதத்தில் குதிப்பக்கம் வெடித்து, உள்ளே மண் புகுந்திருந்தது. பஸ்ஸில் யன்னல் இருக்கையில் இருந்தார், காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. ஆனையிறவில் உப்புக்காற்று வந்ததும் கண்ணை மூடினார். நித்திரை என்று நினைத்தேன். முகமாலையில் தானாகக் கண்ணைத் திறந்து வலது பக்கம் எட்டிப் பார்த்தார். தூரத்தில் சிவப்புத் தடிகள், ஒரு நீலக் கூடாரம், ஆட்கள் யாரும் தெரியவில்லை.

"இவடத்தைதானா நிக்கிறாள்?"

"இன்னும் உள்ளுக்கு, மாமா. றோட்டில இருந்து தெரியாது."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மடியில் கிடந்த காலைத் திருப்பிக் குதியை விரலால் தட்டினார். பொலபொலவென்று மண் உதிர்ந்தது.

"நான் போகேக்க இந்த வடலி ஒண்டும் இல்லை" என்றார்.